குதிரையின் மூச்சும் பூசணம் பிடித்த வைக்கோலும்

கறவை மாடு, உழவு மாடு, ஆடு, கோழி ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் பேசப்படும் பக்கங்களில் குதிரையைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பைத் தரலாம். குதிரை குறைந்து வருகிறது என்பது உண்மையே. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 இலட்சமே இருந்தன. 2012ஆம் ஆண்டுக் கணக்கை நோக்க இது நூற்றுக்கு நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட குறைவு. ஆயினும் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதத்தில் கூடும் குருநாதசுவாமி கோயில் சந்தையைக் கண்டவர்கள், குதிரை நம்மை விட்டு நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டார்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ளன. வண்டிக்கும், திருமண ஊர்வலத்திற்கும், பந்தயத்திற்கும் ஒன்றிரண்டு குதிரைகளை வைத்துக் காப்பாற்றுவோர் பல ஊர்களில் இருக்கின்றனர். பத்து மாடு உள்ளவனுக்கு ஒரு மாடு இறந்தால் நட்டம்; ஒரே குதிரை உள்ளவனுக்கு அது இறந்தால் பிழைப்பே இல்லை.

அத்தகைய குடும்பம் ஒன்றின் இழப்பே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அவ்விழப்பில் நமக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

நடந்தது என்ன?

ஒரு கார்த்திகை மாதம். அடைமழை ஓய்ந்து நான்கைந்து நாட்கள் ஆகியிருந்தன. ஊராட்சிச் சாலையொன்றைப் பார்வையிடச் சென்ற நாம், வழியில் ஒரு வண்டிக்காரரின் வீட்டு முன் நின்றோம். எட்டு வயதுள்ள பெட்டைக் குதிரை அவருடையது. மகளிர் குழுவில் அவர் மனைவி பெற்ற கடனைக் கொண்டு அந்தியூரில் வாங்கியது. அது இருமிக்கொண்டிருந்தது. தீனி சரியாக எடுக்கவில்லை என்றும், பத்து நாட்களுக்கு முன் கடுமையாகக் கழிந்து, பின் நின்றது என்றும் அவர் சொன்னார். நாம் கொட்டிலை எட்டிப் பார்த்தோம். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையே, குதிரையின் தலைக்கு நேர் மேலே, கேழ்வரகு வைக்கோல் அடைக்கப்பட்டிருந்தது. மழை ஒழுகி அது கறுத்திருந்தது. கண்டும் அதன் பொருளை நாம் அறியவில்லை. "மழைக்காலச் சளிதான், கதகதப்பாகக் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு நிகழ்ந்ததைப் பின்னரே அறிந்தோம். இளைப்பு மிகவே, அக்கம்பக்கத்தார் சொற்கேட்டு ஒரு மருந்துக் கடையில் இளைப்புக்கு என்று கொடுத்த ஸ்டீராய்டு ஊசியை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் மூச்சு இலேசானது போலத் தோன்றியது. மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது. கால்நடை மருத்துவர் அழைக்கப்பட்டபோது குதிரை நிற்கவும் வலுவற்றிருந்தது. மறுநாள் இறந்தது. மருத்துவர் உடலை அறுத்துப் பார்த்தார். நுரையீரல் முழுவதும் பட்டாணி அளவில் வெண்மஞ்சள் முடிச்சுகள். அவற்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்ததில் பூசண இழைகள் தெரிந்தன.

நாம் துக்கம் விசாரிக்கச் சென்றபோது அம்மனிதர் கோபமாக ஒன்றும் பேசவில்லை. "சளி என்று நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அதன் பின் கால்நடை மருத்துவர்களிடம் பல முறை கேட்டு அறிந்தவற்றையே இங்கு முறைப்படுத்தித் தருகிறோம்.

பூசணம் என்பது யாது?

ஈரத்தில் கிடந்த ரொட்டியிலும், ஊறுகாயிலும், நனைந்த வைக்கோலிலும் பச்சை, சாம்பல், கருமை நிறங்களில் படர்வதே பூசணம். அது விதை போன்ற நுண்துகள்களைக் காற்றில் உதிர்த்துப் பரவுகிறது. இவற்றை வித்துகள் என்று கூறுவோம். குதிரையின் நுரையீரலைத் தாக்கும் பூசணங்களில் முதன்மையானது ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் இனம். 1729ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பாதிரியாரும் தாவர நூலறிஞருமான மிக்கேலி என்பவர் இதை ஆராய்ந்து, தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியின் வடிவில் இருக்கக் கண்டு இப்பெயரை இட்டார்.

இவ்வினத்தில் கொடியதான ஒன்று ஆஸ்பர்ஜில்லஸ் பூமிகாட்டஸ். இதன் வித்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு பருமனே உள்ளது. ஆதலின் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்ல வல்லது. மற்றப் பூசணங்கள் பல உடற்சூட்டில் வாடிவிடும். இதுவோ 37 டிகிரி சென்டிகிரேடில் செழித்து வளரும். 50 டிகிரிச் சூட்டையும் தாங்கும். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோற்போரின் உள்ளே புழுங்கும் வெப்பம் இதற்கு நாற்றங்கால் போன்றது. அங்கே பழகியது உடற்சூட்டுக்கு அஞ்சுவதில்லை.

குதிரை வாயால் மூச்சு விட இயலாத பிராணி. மூக்கு ஒன்றே வழி. ஓய்வாக நிற்கும் பெரிய குதிரை ஒரு மூச்சில் ஏறத்தாழ 5 லிட்டர் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு என்று கொண்டால், ஒரு நாளில் 80,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்று அதன் நுரையீரலுக்குள் சென்று மீள்கிறது. பூசணத் தீனியில் முகத்தைப் புதைத்து நாள் முழுதும் மேயும் குதிரை எவ்வளவு வித்துகளை உள்ளே இழுக்கும் என்பதை அன்பர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஒரே பூசணம், இரு நோய்கள்

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் பின்வரும் செய்தியை மறக்கலாகாது. பூசணத் தூசி குதிரைக்கு இரண்டு வகையாகத் தீங்கு செய்கிறது. இரண்டிலும் இருமலும் இளைப்பும் உண்டு. ஆனால் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும்.

முதலாவது, குதிரை ஆஸ்துமா. இதில் பூசணம் நுரையீரலில் வளர்வதில்லை. அதன் தூசி ஒவ்வாமல் மூச்சுக் குழல்கள் சுருங்கிச் சளி கட்டுகின்றன. இதுவே மிகுதியாகக் காணப்படுவது. குதிரைக்குக் காய்ச்சல் இராது. பெரும்பாலும் தீனியும் எடுக்கும். தூசியுள்ள தீனியைக் கண்டால் இருமல் மிகும். வெளியில் புல்வெளியில் விட்டால் குறையும். நோய் முற்றினால் மூக்குத் துவாரங்கள் விரியும். மூச்சை வெளியே தள்ள வயிற்றை எக்குவதால் விலாவின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு விழும். இந்நோய்க்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் ஸ்டீராய்டு நல்ல மருந்தே.

இரண்டாவது, பூசண நுரையீரல் அழற்சி. இதில் வித்து நுரையீரலுக்குள் முளைத்து, இழை விட்டு, சதையையும் இரத்தக் குழாயையும் துளைத்து வளர்கிறது. நல்ல உடல்வலு உள்ள குதிரைக்கு இது எளிதில் வாராது. நுரையீரலின் காவல் அணுக்கள் வித்துகளை விழுங்கிவிடும். அக்காவல் தளர்ந்த குதிரைக்கே வரும். கடுமையான கழிச்சலால் குடல் புண்பட்ட குதிரை, வேறு நோயால் நெடுநாள் படுத்த குதிரை, பல வாரம் ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கப்பட்டது, ஸ்டீராய்டு ஏற்றப்பட்டது, நலிந்த குட்டி ஆகியவையே இதற்கு இரையாகின்றன. இந்நிலையில் ஸ்டீராய்டு கொடுப்பது, எஞ்சியுள்ள காவலரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும். மேலே சொன்ன குதிரைக்கு நேர்ந்தது இதுவே. முதலில் கழிச்சல் காவலைக் குலைத்தது. தலைக்கு மேலிருந்த வைக்கோல் வித்தை இறைத்தது. ஊசி மிச்சத்தையும் முடித்தது.

இவ்வழற்சி பொதுவாக ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை. ஆனால் ஒரே கொட்டிலில் ஒரே தீனியைத் தின்னும் குதிரைகள் யாவும் ஒரே ஆபத்தில் உள்ளன என்பதை உணர வேண்டும்.

வேறு நாடுகளில் வேறு பூசணங்கள் இவ்வேலையைச் செய்கின்றன. அமெரிக்காவின் தென்மேற்கே வறண்ட அரிசோனா, கலிபோர்னியாப் பகுதிகளில் மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் என்னும் பூசணம் புழுதியோடு குதிரையின் நுரையீரலில் புகுகிறது. ஆஸ்திரேலியாவில் கிரிப்டோகாக்கஸ் என்பது குதிரைகளின் மூக்கிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கியிருக்கிறது. நம் கொட்டில்களில் நாம் முதலில் ஐயுற வேண்டியது தீனியில் வளரும் பூசணத்தையே.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குதிரை ஓய்வாக நிற்கையில் விலாவைப் பார்த்து ஒரு நிமிட மூச்சை எண்ணுக. 8 முதல் 16 வரை இருப்பது இயல்பு. தாடை எலும்பின் அடியில் விரல் வைத்து நாடி பார்க்கலாம். 28 முதல் 44 வரை இருக்கலாம். உடற்சூடு 37.5 முதல் 38.5 டிகிரி சென்டிகிரேடு வரை இயல்பானது. நலமாக உள்ள நாளில் இவற்றைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பவருக்கு, நோயுற்ற நாளில் வேறுபாடு உடனே விளங்கும்.

ஓய்விலும் மூச்சு 20க்கு மேல் ஓடுதல், காய்ச்சல், தீனி மறுத்தல், இளைத்துப்போதல், மூக்கிலிருந்து சீழோ இரத்தமோ வடிதல், மூச்சில் துர்நாற்றம் ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அண்மையில் கழிச்சல் கண்ட குதிரையாயின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. நோய் தொடக்கத்தில் அறிகுறிகள் மெலிந்தே இருக்கும். ஆகவே காய்ச்சல் இல்லை என்பது கொண்டு நாமே ஆஸ்துமா என்று முடிவு கட்டவும் கூடாது.

வேலை செய்யாமல் சும்மா நிற்கும் குதிரைக்கு மூக்கில் இரத்தம் வடிந்தால் அது தனி ஆபத்து. குதிரைக்குத் தொண்டையின் இரு பக்கமும் காற்றுப் பைகள் உள்ளன. அவற்றின் சுவரை ஒட்டியே தலைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. பூசணம் அப்பையில் படர்ந்து குழாயை அரிக்கும். முதலில் சிறிது வடிந்து நிற்கும். சில நாளில் பெருக்கெடுத்துக் குதிரை மாண்டுவிடக் கூடும். முதல் வடிதலே எச்சரிக்கை.

மருத்துவர் எவ்வாறு அறிகிறார்?

குழல் வைத்து மார்பைக் கேட்டபின், மருத்துவர் இரத்தத்தைச் சோதிக்கிறார். பின்பு மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, தூய உப்பு நீர் விட்டு, நுரையீரலைக் கழுவிய நீரை எடுக்கிறார். அந்நீரை உருப்பெருக்கியில் பார்த்தும், ஊட்டக் கலவையில் வளர்த்தும் சோதிக்கின்றனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கழுவிய நீரில் பூசண வித்து காணப்பட்டதாலேயே நோய் என்று சொல்லிவிட முடியாது. கொட்டிலில் நிற்கும் நலமான குதிரையின் மூச்சுக் குழலிலும் வித்துகள் இருக்கும். முளைத்த இழைகள் காணப்படுகின்றனவா, அவற்றைச் சூழ்ந்து சீழ் அணுக்கள் திரண்டுள்ளனவா, மார்பின் எக்ஸ்ரேயிலும் அல்ட்ராசவுண்டிலும் முடிச்சுகள் தெரிகின்றனவா, நோய்க்குறிகள் பொருந்துகின்றனவா என்று எல்லாவற்றையும் ஒருங்கே வைத்தே தீர்மானிக்கின்றனர். தேவையானால் ஊசியால் நுரையீரலின் சிறு துணுக்கை எடுத்தும் பார்ப்பர். ஆதலால் சோதனைக்குச் சில நாட்கள் ஆகும். பொறுமை இழந்து நடுவில் கடை மருந்துக்குத் தாவுவது தவறு. இத்தகைய சோதனைக்கு உள்ளூர் மருந்தகத்திலிருந்து சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பும் வழி உண்டு.

வேறொரு நோயையும் மருத்துவர் விலக்கிப் பார்ப்பார். கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோயிலும் காய்ச்சலும், மூக்கில் பிசினான சீழும், நுரையீரல் முடிச்சும் உண்டு. மூக்கினுள் புண்களும், கால்களிலும் உடலிலும் உடையும் கட்டிகளும் காணலாம். இது பாக்டீரியாவால் வருவது; மற்றக் குதிரைகளுக்கும் மனிதருக்கும் தொற்றிக் கொல்ல வல்லது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் இது சேர்க்கப்பட்டுள்ளது. ஐயம் தோன்றியவுடன் குதிரையைத் தனியே கட்டி, கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பது உடையவரின் கடமை. கேள்வியுற்ற ஊராட்சியார் காலதாமதமின்றிக் கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.

மருந்தும் அதன் விலையும்

பூசணத்துக்கு ஆன்டிபயாடிக் மருந்து பயன்படாது; நெடுநாள் கொடுத்தால் பூசணத்திற்கே துணையாகும். பூசண ஒழிப்பு மருந்துகள் தனி இனம். ஆம்போடெரிசின் என்பது இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றப்படுவது, வலியது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது ஆகையால் இரத்தச் சோதனையுடன் மட்டுமே கொடுக்கப்படும். வாய்வழி கொடுப்பவற்றில் இட்ராகோனசோல், வோரிகோனசோல் என்பவை ஆஸ்பர்ஜில்லஸை எதிர்ப்பவை. ப்ளூகோனசோல் மலிவாகக் கிடைக்கும். வேறு சில பூசணங்களுக்கு உதவும். ஆனால் ஆஸ்பர்ஜில்லஸுக்குப் பயன்படாது. எந்தப் பூசணம் என்று அறியாமல் மருந்து வாங்குவது வீண் செலவு என்பது இதிலிருந்து விளங்கும்.

செலவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்வோம். இட்ராகோனசோல் வழக்கமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் கணக்கிடப்படுகிறது. 300 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 1,500 மில்லிகிராம். அதாவது மனிதருக்கு விற்கும் 100 மில்லிகிராம் குளிகைகளில் பதினைந்து. இதைப் பல வாரங்கள், சிலபோது மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும், நோய் நுரையீரல் முழுதும் பரவிவிட்டால் குதிரை பிழைப்பது அரிது. இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்கன்று. தொடக்கத்தில் அறிவதும், வராமல் காப்பதுமே குடியானவருக்குக் கட்டுப்படியாகும் வைத்தியம் என்பதற்காகவே.

மருந்தோடு ஓய்வும், நல்ல காற்றும், பசும்புல்லும் தேவை. நோயுற்ற குதிரையைப் பழைய கொட்டிலிலேயே நிறுத்தி, அதே வைக்கோலைப் போட்டு மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

வராமல் காக்கும் வழி

வைக்கோலையும் உலர்புல்லையும் ஈரம் நூற்றுக்கு 15க்குள் வரும்படி காயவிட்டே அடுக்குக. 20க்கு மேல் ஈரத்துடன் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். புதிய போரில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கலாம். கம்பி சுட்டால் போரைக் கலைத்து உலர்த்த வேண்டும்.

போரை மண்தரையில் வைக்காமல், கல் அல்லது மரச் சட்டங்களின் மேல் ஒரு முழ உயரத்தில் அடுக்குக. மேலே சரிவான கூரை வேண்டும். கொட்டிலின் பரணில் தீனி சேமிக்கும் வழக்கத்தை அறவே விடுக.

கையில் எடுத்து உதறினால் புகை போல் தூசி எழும் வைக்கோல், கறுத்தது, புளித்த வாடை வீசுவது ஆகியவற்றைக் குதிரைக்குப் போடலாகாது. "மாட்டுக்குப் போடலாம்" என்று ஒதுக்குவதும் தவறு. எருக்குழியே அதற்கு இடம். பூசணம் பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையும், கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கு ஈரலையும் தாக்கக் கூடும் என்பதையும் நினைவிற் கொள்க.

நல்ல வைக்கோலிலும் சிறிது தூசி இருக்கும். கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் நீரில் நனைத்து, நீரை வடித்துக் காயுமுன் தின்னக் கொடுத்தால் தூசி பறவாது. மிஞ்சியதை அன்றே அகற்றுக. பூசணம் பிடித்ததை நனைத்தால் நல்லதாகிவிடாது.

தீனியை உயரத்தில் கட்டாமல் தரை மட்டத்தில் வைக்க. குதிரை தலையைத் தாழ்த்தித் தின்னும்போது மூச்சுக் குழலின் கசடு தானே வெளியே வழியும். கொட்டிலைப் பெருக்கும்போது குதிரையை வெளியே கட்டுக. எதிரெதிராகக் காற்றுப் போக்கு இருக்கட்டும். உதகை, கொடைக்கானல் போன்ற ஈரமிக்க மலையூர்களில் குளிருக்கு அஞ்சிக் கொட்டிலை மூடிவிடுகிறார்கள். குதிரை குளிரைத் தாங்கும், புழுக்கத்தைத் தாங்காது.

பூசண வைக்கோலைக் கிளறும் மனிதருக்கும் இதனால் நோய் உண்டு. காலையில் போரைப் பிரித்தவருக்கு மாலையில் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வருவதுண்டு. இதை உழவர் நுரையீரல் நோய் என்று 1932ஆம் ஆண்டு முதல் மருத்துவ நூல்கள் விவரித்து வருகின்றன. வாயையும் மூக்கையும் மறைக்காமல் அவ்வேலையில் இறங்கலாகாது.

ஊராட்சி செய்யக்கூடியது

ஏழைக் குடும்பத்திற்கு வைக்கோலை நனையாமல் வைக்க இடமில்லை. நாம் கண்ட வண்டிக்காரர் அறியாமையால் மட்டும் தீனியைக் கூரையில் செருகவில்லை. வேறு இடம் இல்லாததால் செருகினார். ஆகவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களின் கிராம சபைகளில் உறுப்பினர்கள் இதைப் பொருளாக வைக்க வேண்டுகிறோம். கூரை நல்ல நிலையிலுள்ள பொதுக் கட்டடத்தின் ஒரு பகுதியை மழைக்காலத் தீனிக்கு ஒதுக்கலாம். மேடும் கூரையும் கொண்ட பொதுத் தீவனக் கொட்டகை அமைக்கத் தீர்மானம் இயற்றலாம். ஊரில் எத்தனை குதிரைகள், யாரிடம் உள்ளன என்ற பட்டியலைக் கால்நடை மருந்தகத்திற்கு அளிக்கலாம். 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும் என்பதை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிவைக்கலாம். அந்த எண் ஒரு வாரம் முன்னதாக ஒரு வீட்டில் தெரிந்திருந்தால் ஒரு குதிரை பிழைத்திருக்கக் கூடும்.

இப்போது நாம் ஊர்களுக்குச் செல்லும்போது, இருமும் குதிரையைக் கண்டால் நோயின் பெயரைச் சொல்வதில்லை. மூச்சை எண்ணிப் பார்க்கிறோம். வைக்கோலை உதறிப் பார்க்கிறோம். மருத்துவரை அழைக்கச் சொல்கிறோம். அன்பர்களும் அவ்வாறே செய்வார்களாக.